முன் அறையில் வைத்த லென்ஸ்

என் கண்ணில் குறை இருக்கிறது என்று முதன்முதலில் என் முகத்துக்கு நேராகச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். தாமலில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பிய நான், நேர் எதிர்த் திசையில் திருமுக்கூடல் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். "பெரியவரே, போர்டு பாத்து ஏறக்கூடாதா? கண்ணு தெரியலியா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "உன் போர்டுல எழுத்து அழிஞ்சி கெடக்குது, என் கண்ண சொல்றியா நீ?" என்று சண்டை போட்டு, நடுவழியில் இறங்கி, பந்தியில் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருக்கும்போது தாமல் போய்ச் சேர்ந்தேன். பிறகு ஒருநாள் பஸ் நிலையத்தில் அதே பஸ் நின்றது. என் மனைவி பத்தடி தள்ளி நின்றபடியே போர்டை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, அதில் இரண்டு அடுப்பு, இரண்டு அண்டா. தண்ணீர் காய்ந்ததும் சாயத்தைக் கரைத்து ஊற்றி, நூல் கட்டுகளை மூங்கில் கழியில் மாட்டி, திருப்பித் திருப்பி முக்கி எடுப்பேன். நிறம் கூடிவிட்டது என்று கண் சொன்னதும், கட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கொத்தை வெட்டி, கொட்டகையில் தொங்கும் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டுவேன். அதை மாதிரிக் கயிறு என்போம். நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து போட்ட சாயம் அத்தனையும் அந்தக் கயிற்றில் வரிசையாக இருக்கிறது. முடிச்சுப் போட்டதும் என் வேலை முடிந்தது, டீக்கடைக்குப் போய்விடுவேன். கட்டுகளை அலசி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, நெசவாளர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என் மனைவியின் வேலை. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து இப்படித்தான்.

எங்கள் ஊர்ப் புடவையில் கரையும் முந்தியும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கரை நூல் பாவில், நீளவாட்டில் போவது; முந்தி நூல் ஊடையில், குறுக்குவாட்டில் போவது. இரண்டும் வேறு வேறு நாளில் என் அண்டாவுக்கு வரும். ஒரு சொட்டு சாயம் கூடினாலும் குறைந்தாலும், தறியில் இரண்டும் சேர்கிற இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி இல்லை. முந்தாநாள் போட்ட அரக்கு நிறம் என் கண்ணிலேயே இருக்கும். "என் நூலு ஒரு கட்டாவது திரும்பி வந்திருக்குதா? சொல்லு பாக்கலாம்" என்று டீக்கடையில் உட்கார்ந்து நான் பேசாத நாள் இல்லை. வாய் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்த வாய்தான் கெடுத்தது. தெருவிளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வளையம் தெரிய ஆரம்பித்தது. எதிரே வருகிறவர் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் மனைவி சொல்லும்போதெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"நூலு திரும்பி வந்துதா? வரலை இல்ல? அப்போ கண்ணு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். போய் வேலயப் பாரு."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறப்பாள், பிறகு மூடிக்கொள்வாள். என் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாமல் போகிறாள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு!

இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினேன். ஒரு நாள் காலை கழியைப் பிடிப்பதாக நினைத்துக் கொதிக்கிற அண்டாவுக்குள் கையை விட்டுவிட்டேன். கை வெந்து நான் அலறிய அலறலில் அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்துவிட்டது. என் கைக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் என் மனைவி ஆட்டோவைத் திருப்பி, நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். நானும் மறுக்காமல் கூடப் போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"ஐயா, ரெண்டு கண்ணுலயும் புரை. நல்லா முத்திடுச்சு. பழுப்பேறி, கெட்டியாயிடுச்சு. வலது கண்ணு ரொம்ப மோசம். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா சுலபமா முடிஞ்சிருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண் போய்விடுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்து, "ஒண்ணும் ஆவாது, சும்மா இரு" என்று நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை, பேச்சு மட்டும் காதில் விழுந்தது. அரை மணிக்குள் முடிந்துவிடும் என்றார்கள். அதற்கும் மேலே போயிற்று. ஒரு கட்டத்தில் டாக்டர் குரல் மாறியது. வெளியே கொண்டுவந்து உட்கார வைத்த பிறகு டாக்டரே வந்தார்.

"ஐயா, புரையை எடுத்தாச்சு. ஆனா லென்ஸ் தங்கறதுக்குக் கண்ணுக்குள்ள மெல்லிசா ஒரு பை இருக்கும். புரை அவ்ளோ கெட்டியா இருந்ததால எடுக்கும்போது அது கிழிஞ்சிடுச்சு. லென்ஸ் வெச்சா நிக்காது. அதனால இன்னைக்கு வைக்கல. கண்ணு ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்."

ஊரில் நூறு பேர் ஆபரேஷன் செய்துகொண்டு மறுநாளே பேப்பர் படிக்கிறார்கள், எனக்கு மட்டும் பை கிழிய வேண்டுமா! டாக்டரைத் திட்ட வாயெடுத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவரும் நொந்துபோய்த்தான் நின்றார். ஒளிக்காமல் சொன்ன ஆளை என்னவென்று திட்டுவது? சரி என்று சொல்லி வந்துவிட்டேன்.

லென்ஸ் இல்லாத கண் ஒரு விசித்திரம். கட்டுப் பிரித்ததும் உருவம் எதுவும் தெரியவில்லை, எல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி இருந்தது. ஆனால் நிறம் கொட்டியது. கொல்லையில் என் மனைவி நிற்கிறாள் என்று தெரிகிறது. மூக்கு முழி தெரியவில்லை. புடவை மட்டும் பளீரென்று நீலம்.

"இது எப்போ வாங்கின? புதுசா?" என்றேன்.

"இன்னாங்க இது! கோயிலுக்குப் போம்போது கருப்புப் புடவ கட்டிக்கினு வர்றியான்னு திட்டினீங்களே, அதே புடவதான்."

நான் இடது கண்ணால் பார்த்தேன். கருப்பு. வலது கண்ணால் பார்த்தேன். நீலம். அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை பாருங்கள். நல்லவேளை, நிறமாவது வந்தது என்று மட்டும் நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஒரு பிளாஸ்டிக் கண் பொம்மையைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினார். தடிக் கண்ணாடி போடலாம், ஆனால் ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டால் அதில் தெரிவது பெரிதாகவும் மற்றதில் சின்னதாகவும் இரண்டிரண்டாகத் தெரியும். தினமும் போட்டுக் கழற்றுகிற கான்டாக்ட் லென்ஸ், ஆவியிலும் சாயத்திலும் கிடக்கிற என் கைக்கு ஆகாது. பின்னாலேயே தையல் போட்டு லென்ஸை நிறுத்தலாம்; அது நீளமான ஆபரேஷன், சென்னைக்குப் போக வேண்டும். இன்னொன்று, கண்மணியைச் சுற்றியிருக்கும் திரைக்குப் பின்னால் வைக்காமல் முன்னாலேயே லென்ஸை வைப்பது.

"பின்கட்டுல எடமில்ல, முன்னறையில படுக்கப் போடுறீங்க. அவ்ளோதான?" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஆமாங்க ஐயா, நாங்களும் அத முன்னறைன்னுதான் சொல்லுவோம். ஆனா எல்லாருக்கும் வெச்சிட முடியாது. கண்ணோட முன்பக்கக் கண்ணாடிச் சவ்வுல செல்லுங்க போதுமா இருக்குதான்னு எண்ணணும். கண் அழுத்தம் பாக்கணும். அளவு சரியா இருக்கணும். சின்னதா இருந்தா ஆடும், பெருசா இருந்தா அழுத்தும். தண்ணி தேங்காம போறதுக்குத் திரையில ஓரமா ஒரு சின்ன ஓட்ட போடுவேன். முன்ன வந்த பழைய மாடல் லென்ஸுங்க சில பேருக்குத் தொந்தரவு குடுத்துது. இப்போ வர்றது தேவலை. இருந்தாலும் ஆயுசுக்கும் செக்கப்புக்கு வரணும். கண்ணக் கசக்கவே கூடாது."

"எழுத்து தெரியலன்னா பரவால்லமா. நெறம் தெரியுமா? கரைக்கும் முந்திக்கும் வித்தியாசம் தெரியுமா? எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

"நரம்பு நல்லா இருக்குது. தெரியணும். அதுக்கு மேல நான் உறுதி குடுத்தா அது பொய்யாயிடும் ஐயா."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். கையில் இருக்கிற தொழிலே இந்தக் கண்தான். நிறம் பார்க்கத் தெரியாத சாயக்காரனை எந்த நெசவாளர் தேடி வருவார்? பயமாகத்தான் இருந்தது. என் மனைவியைக் கேட்டேன். "வெச்சிக்கங்க. நான் கூட இருக்கறேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் ஏன் அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

சோதனைகளெல்லாம் சரியாக வந்தன. இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார் டாக்டர்.

"மெதுவா பாருங்க. இன்னா தெரியுது?"

கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது, ஆனால் உருவம் இருந்தது. நான் நேராக அவர் தோளைப் பார்த்தேன். "உங்க துப்பட்டா மயில்கழுத்து. மடிப்பு ஓரத்துல மட்டும் வெளுத்துப்போச்சு. எவன் போட்ட சாயமோ, நிக்கல."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் துப்பட்டாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா!" என்றார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஏகப்பட்ட கட்டுப்பாடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, குனியக்கூடாது. விபூதி பூசக்கூடாது, உதிர்ந்து கண்ணுக்குள் விழும். வெறும் நெற்றியோடு கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே யாரோ போல இருந்தது. அடுப்பு எரியாத கொட்டகைக்குள் போனால்கூட என் மனைவி ஓடிவந்து மறித்தாள். "டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, ஆவி ஆவாது."

"அடுப்பே எரியல, ஆவி எங்க இருந்து வரும்?"

"வராது, ஆனா போவாதீங்க."

இது என்ன நியாயம்! மூன்று வாரம் பொறுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டேன். கூரைத் தகட்டின் இடுக்கு வழியாக வெயில் நேராக மாதிரிக் கயிற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

எத்தனை வருஷத்து நிறம்! அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். கயிற்றின் கடைசி ஒரு முழத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. கிளிப்பச்சை என்று நான் போட்டது நீலம் ஏறி மயில்கழுத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. அரக்கு நாவல்பழம் மாதிரி இருந்தது. அடுத்த முடிச்சு இன்னும் மோசம். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன்; எல்லாம் சரியாக, எப்போதும் போல இருந்தது. இடது கண்ணை மூடினேன். எல்லாம் தப்பு. புரை என் கண்ணிலிருந்து நீலத்தைத் தின்றிருக்கிறது. அது தெரியாமல், போதவில்லை போதவில்லை என்று நான் நீலத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்து நூல். எத்தனை புடவை! ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லையே, அது எப்படி? கடைசிக் கிளிப்பச்சை முடிச்சை அவிழ்த்து எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன். என்னிடம் இருபது வருஷமாக நூல் கொடுத்து வாங்குகிற நெசவாளர் தறியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணா, கண்ணு எப்பிடி இருக்குது?"

"அத விடுப்பா. போன ஆடியில ஒரு கிளிப்பச்ச குடுத்தேனே, மிச்சம் வெச்சிருக்கிறியா?"

மீந்த நூலை யாரும் தூக்கி எறிவதில்லை. அவர் டப்பாவைத் துழாவி ஒரு சிறிய சுருளை எடுத்துக் கொடுத்தார். வாசல் வெளிச்சத்தில் என் முடிச்சையும் அந்தச் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் கொடுத்தது அசல் கிளிப்பச்சை. என் கையில் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"இது என் நூலுதானா?"

"உங்களுதுதாண்ணா. அண்ணிதான் கொண்டாந்து குடுத்தாங்க. ஏன், இன்னா ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். காலில் செருப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் நடந்தேன். வீட்டில் என் மனைவி கோயில் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள். என் கையில் இருந்த முடிச்சைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"எவ்ளோ நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல." குரலே வரவில்லை அவளுக்கு. "முதல்ல ஒரு கிளிப்பச்சதாங்க. அலச எடுத்துக்கினு போறேன், நீலமா நிக்குது. சொல்லலாம்னு டீக்கடைக்கு வந்தேன். நீங்க அத்தன பேரு முன்னாடி, என் நூலு திரும்பி வந்துதான்னு பேசிக்கினு இருந்தீங்க. எப்பிடி சொல்றது? திரும்பி வந்து, சின்னப் பாத்திரத்துல மஞ்சச் சாயத்த கரைச்சி, இன்னொரு முக்கு முக்கி எடுத்தேன். சரியாயிடுச்சு. அப்புறம் ஒவ்வொரு தடவையும்..."

முப்பது வருஷமாக அலசிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், என் நிறத்தையெல்லாம் தன் கண்ணில் ஏற்றி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை. திரும்பி வராத நூல் என்று நான் மார் தட்டியதெல்லாம் அவள் கைவேலை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். கத்துவதற்கு மூச்சையும் இழுத்துவிட்டேன். அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்களே, அன்னிலருந்து எனக்குச் சோறு எறங்கல. நூலு திரும்பி வந்திருந்தா நீங்க அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்க. நான் மறைச்சி மறைச்சி, அது உள்ள முத்திப்போச்சு. பை கிழிஞ்சது என்னாலதாங்க. உங்க கண்ண நாந்தான் கெடுத்தேன்."

இழுத்த மூச்சை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் வாய்க்குப் பயந்து ஒருத்தி இரண்டு வருஷம் திருட்டுத்தனமாக என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள், அதற்கு அழுவதும் அவளேதான். எனக்கு வெட்கமாக இருந்தது. குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேன்" என்றேன். "அண்டாவ எட்டி ஒதச்சிட்டு, உனக்குத்தான் கண்ணு தெரியலன்னு சொல்லியிருப்பேன்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது நெசந்தான்" என்றாள்.

அடுத்த செக்கப்பில் இடது கண்ணுக்கு நாள் குறித்தார்கள். தள்ளிப்போடுகிற பேச்சே என் வாயிலிருந்து வரவில்லை. அதே செக்கப்பில், வலது கண்ணில் அழுத்தம் சரியாக இருக்கிறது, லென்ஸ் அசையாமல் நிற்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே அடுப்பைப் பற்றவைத்தேன். அந்த நெசவாளர் கொடுத்த நூல்தான். கத்திரிப்பூ நிறம், கரைக்குத் திங்கட்கிழமை, முந்திக்குப் புதன்கிழமை. வலது கண்ணை மட்டும் நம்பிப் போட்டேன். முடிச்சுப் போட்டுவிட்டு டீக்கடைக்கும் போனேன். ஆனால் அங்கே வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் உலர்ந்த கட்டுகள் இரண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "கரை, முந்தி. பாத்துச் சொல்லுங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெயிலில் பிடித்தேன், நிழலில் பிடித்தேன். கடைசியில் என் கண் சொன்னதைச் சொன்னேன்.

"கரை சரியா இருக்குது. முந்தியில நீலம் ஒரு சொட்டு கூட. இது நான் போட்டது இல்ல."

அவள் உள்ளே போய் இன்னொரு கட்டைக் கொண்டுவந்தாள். நான் போட்ட முந்தி அதுதான். கரையோடு ஒட்டவைத்தால் எது எதென்று பிரிக்க முடியவில்லை. முதலில் கொடுத்தது மீந்த நூலில் அவளே வேண்டுமென்று நீலம் கூட்டி முக்கியது. என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள், ராட்சசி!

பிறகு அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தாள். மஞ்சள் சாயம். இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தது. அதை என் சாய அலமாரியில் மற்ற டப்பாக்களோடு வைத்துவிட்டு, "இனிமே இது எனக்கு வேணாம்" என்றாள்.

நான் எழுந்து போய் அந்த டப்பாவை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தேன்.

"வெச்சிக்கோ. இடது கண்ணு இன்னும் பாக்கி இருக்குது."

அவள் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, அன்று காலை நான் சாயம் போட்டு வைத்த கட்டுகளை அலசப் போனாள்.